கமிட்டிக்குப் பேனா பிடிப்பது யார்?

(சுங்கை ரம்பாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைச் சாமானின் விலை, நிறுவை, குடிதண்ணீர், பஸ் வசதி ஆகியவற்றைக் கவனிக்க, யாருக்கும் கட்டுப்படாத பயனீட்டாளர் கண்காணிப்புக் கமிட்டி ஒன்று வேண்டும் என்ற பிரேரணை இன்று நம்முன் இருக்கிறது. அதை மனமார வரவேற்கிறோம். தலைவர் யார், அங்கத்தினர் யார் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். காரியதரிசி வேலையை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிராணிகளாகிய நாங்கள் அதைப் பற்றியே சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

கமிட்டி மாதம் ஒரு முறை கூடும். ஒரு மணி நேரம் பேசும். மறுநாள் விடியுமுன் அங்கத்தினர் பால்வெட்டப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் கமிட்டி என்பது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஃபைலும்தான். அவை யாரிடம் இருக்கின்றனவோ, அவர் கையில்தான் கமிட்டி இருக்கிறது. "அரிசி நிறுவையில் குறைந்தது" என்று ஓர் அம்மாள் சொன்னதை, "நிறுவை பற்றிப் பேசப்பட்டது" என்று எழுதிவிட்டால் போதும், புகார் செத்துப்போகும்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1946-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கங்களை தேசிய உடைமையாக்கச் சட்டம் செய்தார்கள். வாங்குவோர் குரலும் கேட்க வேண்டுமென்று, தொழிற்சாலைகளுக்கு ஒன்றும் வீடுகளுக்கு ஒன்றுமாக இரண்டு பயனீட்டாளர் கவுன்சில்களை அமைத்தார்கள். குமாஸ்தாக்களைக் கொடுக்க வேண்டிய பொறுப்பையும் சட்டத்திலேயே எழுதினார்கள். அது புத்திசாலித்தனம், ஆள் இல்லாமல் எந்தக் கமிட்டியும் நடவாது. ஆனால் கவுன்சிலை நியமித்தவர் மந்திரி. குமாஸ்தாவைக் கொடுத்தவரும் மந்திரி. நிலக்கரி வாரியத்தை நியமித்தவரும் அதே மந்திரி! குறை சொல்பவர், குறை கேட்க வேண்டியவரின் ஆளைக் கொண்டே கடிதம் எழுதும் நிலை வந்தது. நமக்கு ஆளும் வேண்டும். அந்த ஆள் நம் ஆளாகவும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் 3 ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது எங்கே, வாங்கிய தேதி எது, கடைக்கு எழுதிய கடிதம் எங்கே என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்தக் காகிதங்களைச் சேர்த்து வைப்பதுதான் காரியதரிசியின் வேலை.

ஆகவே நாங்கள் வேண்டுவது இதுதான்:

ஒன்று: புகாரைச் சொன்னவரின் சொல்லிலேயே எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும்.

இரண்டு: சென்ற கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும். அங்கத்தினர் ஒப்புக்கொண்ட பிறகே அது குறிப்பு.

மூன்று: எழுதுபவருக்கு ஓட்டு இல்லை. தாள், தபால் செலவு நம் கிளைப் பணத்திலிருந்தே வர வேண்டும். ஃபைல் தோட்ட ஆபீசில் தங்கக் கூடாது.

நான்கு: எங்கள் சம்பளம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆகையால் ஒரு தோட்டத்து நிர்வாகத்தைத் தொடும் புகாரை அத்தோட்டத்துக் கிராணி எழுத வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி எழுதட்டும். இது அவநம்பிக்கை அல்ல. எழுதுகிறவருக்கும் பாதுகாப்பு, புகார் சொல்பவருக்கும் பாதுகாப்பு.

தோழர்களே! பால்வெட்டுக்காரரும் கிராணியும் வேறு வேறு சாதி என்று நம்மைப் பிரித்து வைத்த காலம் உண்டு. இந்த வேலையில் கண்டது உங்கள் கண், எழுதுவது எங்கள் கை. எங்கள் ஓய்வு நேரத்தைத் தரத் தயாராக இருக்கிறோம். பிரேரணையில் இந்த நான்கையும் சேர்த்து நிறைவேற்றும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.