சார்பியலுள் மாறாப் பொருள்

(திருவண்ணாமலையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"எல்லாம் சார்பே, உறுதியானது ஒன்றுமில்லை. ஐன்சுடைனே கூறிவிட்டார்" என்று மேடைதோறும் முழங்குவார் உளர். மொழிப்பற்றையும் அறத்தையும் இவ்வொரு சொல்லால் தள்ளிவிடுவாரும் உளர். அன்னார் பற்றியது பெயரை, பொருளையன்று.

இவ்வூர் மலையையே சான்றாகக் கொள்க. கிரிவலம் என அயற்சொல் கலந்து வழங்கும் மலைவலம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நடப்பார்க்கு மலை ஒருபால் கூர்த்தும் ஒருபால் அகன்றும் தோன்றும். தோற்றம் நிற்குமிடத்தைச் சார்ந்தது, மலையோ ஒன்றே.

இதனை எண்ணாற் காண்க. ஓரூர்க்குக் கிழக்கே 3 கிலோமீட்டரும், அங்கிருந்து வடக்கே 4 கிலோமீட்டரும் சென்றால் மற்றோர் ஊர். இருமடிகளைக் கூட்ட, 9உம் 16உம் 25, நேர்த்தொலைவு 5. திசைக்கோடுகளைச் சற்றே திருப்பி அளப்பானுக்கு 3உம் 4உம் மாறும், 5 மாறாது. திருப்பினும் மாறாத இவ்வியல்பே ஒத்தசீர்மை. பாடநூல்கள் சமச்சீர்மை என்பதும் இதுவே.

சீரான விரைவிற் செல்வார் அனைவர்க்கும் இயற்கை நெறிகள் ஒன்றே என்றும், ஒளியின் விரைவும் ஒன்றே என்றும் 1905-இல் ஐன்சுடைன் நிறுவினார். அவ்விரைவு நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர். இதனால் காலமும் தொலைவும் அளப்பாரைப் பொறுத்து வேறுபடும். ஆயின், காலத்தின் இருமடியினின்று தொலைவின் இருமடியைக் கழித்தால் வரும் அளவு எவர்க்கும் ஒன்றே. இதனை 1908-இல் தெளிவுற விளக்கியவர் மிங்கோவ்சுகி.

ஒளிவிரைவில் ஐந்தில் மூன்று பங்கு விரைவுடைய ஊர்தி, 5 ஆண்டில் 3 ஒளியாண்டு கடப்பதாக நிலவுலகத்தார் கணிப்பர். 25-இல் 9 போக 16. ஊர்தியுள் இருப்பானுக்கோ புறப்பாடும் சேர்வும் தன்னிடத்தே நிகழ்ந்தவை, தொலைவு 0. அவன் மணிப்பொறி காட்டுவது 4 ஆண்டு. 16-இல் 0 போக அதே 16!

இது வெறுங்கணக்கன்று. உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்துள்ள அண்டக்கதிர் ஆய்வகத்தில் மியூவான் என்னும் நுண்துகள்கள் எண்ணப்படுகின்றன. நின்ற நிலையில் அவற்றின் நிரவலான வாழ்நாள் ஒரு நொடியின் பத்து நூறாயிரத்தில் 2.2 பங்கே. அதற்குள் ஒளியும் 660 மீட்டரே செல்லும். அவையோ ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தே பிறந்தும் மண்ணை எய்துகின்றன. துகளின் காலம் நீண்டது என்பர் நிலத்தார். துகளின் நிலையிலோ காற்றுப்பரப்பே சுருங்கியது. உரை இரண்டு, மாறா அளவு ஒன்று.

எம்மி நோதர் என்னும் செருமானியக் கணித மேதையார் 1918-இல் இதனினும் ஆழ்ந்து சென்றார். நெறிகள் நேற்றும் இன்றும் ஒன்றாயிருத்தலின் ஆற்றல் அழியாது நிற்கும். ஈண்டும் ஆண்டும் ஒன்றாயிருத்தலின் உந்தம் நிலைக்கும் என மெய்ப்பித்தார்.

இனிப் பெயருக்கு வருவோம். சார்பியல் என்னும் பெயர் வலுவற்றது என மிங்கோவ்சுகி அன்றே கருதினார். அப்பெயர் தவறான புரிதலுக்கு இடந்தந்தது என ஐன்சுடைனும் 1921-இல் ஒரு மடலில் ஒப்பினார். எனவே, குறை தமிழில் இல்லை. மூலப் பெயரிலேயே உளது. தமிழில் அறிவியல் உரையாதென்பார் இதனை உன்னுக!

தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் கூடி, சார்பியலைக் கற்பிக்கும் முதல் நாளிலேயே மாறா அளவையும் உடன் கற்பிக்க வேண்டும். சொல்லை மட்டும் பெற்ற மாணவன் ஐயத்தில் ஆழ்வான். பொருளையும் பெற்றவன் நிமிர்ந்து நிற்பான்.

வெல்க தமிழ்!