துயர் துடைக்கும் தலைமை

மாசி மாதத்துப் பனி இரவு. ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே, லயங்களின் முன்னே கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடைபெறுகின்றது. சிவபெருமானின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் சாம்பலாகின்றான். இரதி புலம்புகின்றாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த தாய்மார் கம்பளியைப் போர்த்துக்கொண்டு விடியுமட்டும் அமர்ந்திருக்கின்றனர். அவளுடைய கண்ணீரோடு தம் கண்ணீரையும் கலக்கின்றனர். பின்னர் மன்மதன் உயிர்பெற்று எழ, தப்பு முழங்க, ஊர் மகிழ்கின்றது.

நேயர்களே! இழப்புற்றவளுக்கு அங்கே எவரும் உபதேசம் புரிவதில்லை. ஊரே உடனிருக்கின்றது. துன்பக் காலத்தில் சமயமும் சமயத் தலைவர்களும் ஆற்றவேண்டிய பணி யாது என்னும் வினாவுக்கு, மலையக மக்கள் தம் கூத்திலேயே ஒரு விடையை வைத்துப் போற்றி வந்துள்ளனர் எனலாம்.

அம்மக்களுக்குத் துன்பம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். எஞ்சியோர் மலையேறியதும் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று வணங்கினர். துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி வாழ்ந்தவர்கள் நிமிர்ந்து நின்று தம் குறையைச் சொல்லுவதற்கு அவ்விடம் ஒன்றே இருந்தது.

சுதந்திரம் வந்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்பது அதன் ஏற்பாடு. தாய் ஒரு பட்டியலிலும் மகள் மற்றொரு பட்டியலிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். பின்னர் 1970களின் நடுப்பகுதியிலே உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளரே கொடிய பட்டினிக்கு ஆளாயினர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே லயங்கள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் வடக்கு நோக்கி ஓடினர்.

இத்தகைய காலத்தில் ஆறுதல் சொல்லுதல் எளிது. உடன் நிற்பதுதான் அரிது. அவ்வாறு உடன் நிற்க முன்வந்த சமயத் துறவியர் இருவரை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஒருவர் ஆயர் லியோ நாணயக்கார. பெனடிக்ற் சபைத் துறவியான அவர் 1959 முதல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கினார். நுவரெலியாத் தோட்டப் பகுதிகளும் அதனுள் அடங்கியவையே. 1972இல் பதுளை புதிய மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, புகழும் வசதியும் மிக்க கண்டிப் பீடத்தை விட்டு, வறுமை மிகுந்த ஊவாவின் ஆயராக அவர் சென்றார். பெரிய பீடத்திலிருந்து சிறிய பீடத்துக்குப் போவதை உலகம் இறக்கம் என்று கருதும். ஏழையை நோக்கி நடப்பவனுக்கோ அது பாதை. 1982இல் மறையும் வரை அவர் அப்பாதையிலேயே நடந்தார்.

மற்றவர் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் அடிகள். 1925இல் பிறந்து 2017இல் மறைந்த இவர் தோட்டத்து லயத்திலே பிறந்தவரல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர். 1972இல் கண்டி நகரிலே ‘சத்தியோதய’ என்னும் நிலையத்தை இவர் தொடங்கினார். உண்மையின் உதயம் என்பது அதன் பொருள். சிங்களவர்க்கும் தமிழர்க்கும் ஒருங்கே விளங்கும் அப்பெயரின் கீழ், இரு இனத்தவரும் பல சமயத்தவரும் கூடிப் பணிபுரிந்தனர். மதம் மாற்றுதல் அதன் நோக்கமன்று. தோட்ட மக்களின் வாழ்வை ஆராய்தலும், அவர்களுடைய உரிமையை எடுத்துரைத்தலும், அண்டையிலுள்ள கிராமத்தாரோடு அவர்களை இணைத்தலுமே அதன் பணிகளாயின.

இவற்றுள் இறுதியாகச் சொன்ன பணியே மிகக் கடினமானது. அதன் காரணத்தை நேயர்கள் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மலைச்சரிவில் தேயிலை, பள்ளத்தாக்கில் கண்டிச் சிங்களவரின் வயல். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டத்தின் வழியே குடியேற்ற அரசு பரந்த நிலங்களைத் தன்னுடையதாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு விற்றது. ‘எங்கள் காணி போயிற்று’ என்பது கிராமத்தவனின் குறை. அந்நிலத்தைப் பறித்தவன் வெள்ளைத் துரை. ஆனால் கிராமத்தவன் கண்ணுக்கு நாள்தோறும் தெரிந்தவன் தமிழ்த் தொழிலாளி. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்து, தோட்டங்கள் அரசின் கைக்கு மாறி, சில காணிகள் பங்கிடப்பட்டபோது, இரு ஏழைகளும் ஒருவரையொருவர் அஞ்சி நின்றனர். அந்த அச்சத்திலேதான் வன்செயல் வேர்கொண்டது.

ஒரு தரப்பாரின் கண்ணீரை மட்டும் துடைத்தால் இந்நோய் தீராது என்பதை அடிகள் உணர்ந்திருந்தார். கிராமத்தவனின் இழப்பையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதே வேளையில், அவ்விழப்புக்குத் தொழிலாளி காரணனல்லன் என்பதையும் அவன் முகம் நோக்கிச் சொல்லுதல் வேண்டும். முன்னது பரிவு, பின்னது துணிவு. பரிவு மட்டும் உடையவர் இருதரப்பாராலும் போற்றப்படுவர். துணிவும் சேர்ந்தால் ஏச்சும் சேர்ந்தே வரும். அதனை ஏற்க ஆயத்தமானவர்களே 1979இல் இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தை அமைத்தனர். அதன் முன்னணியிலே அடிகளும் நின்றார்.

இத்துணை முயற்சிக்குப் பின்னரும் 1983ஆம் ஆண்டு ஆடிக் கொடுமை நிகழ்ந்ததே என்று வினவலாம். உண்மைதான். சில நல்லோரின் உழைப்பு ஒரு நாட்டின் வெறியைத் தடுத்துவிடவில்லை. சமயத் தலைமைக்குப் படையில்லை. சட்டம் இயற்றும் ஆற்றலும் இல்லை. ஆயினும், தீ அணைந்த பின்னர் இரு பக்கத்தாரும் மீண்டும் முகம் பார்த்துப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் அன்றோ? அவ்விடத்தைத் தீ மூண்ட பிறகு கட்ட இயலாது. அமைதிக் காலத்திலேயே, பத்து ஆண்டு, இருபது ஆண்டு கூடி உண்டு, கூடி உழைத்துக் கட்டி வைத்திருத்தல் வேண்டும்.

நாடற்றோர் என்னும் பழி நீங்குவதற்கான சட்டம் 2003இல் நிறைவேறிற்று. ஒப்பாரிக் கோச்சி ஓடத் தொடங்கிய காலத்தில் பிறந்த பிள்ளைகள் அதற்குள் பேரப்பிள்ளைகளைக் காணும் வயதை அணுகிவிட்டனர். காகிதத்தில் எழுதிய உரிமையால் மனத்தின் காயம் உடனே ஆறிவிடுவதில்லை. அதற்குக் கோயிலின் பூசகரும், விகாரையின் பிக்குவும், பள்ளிவாசலின் மௌலவியும், ஆலயத்தின் குருவும் தத்தம் வாயிலைக் கடந்து அயலான் வீட்டு முற்றத்துக்கு வருதல் வேண்டும்.

மன்மதன் எரிந்த இரவிலே இரதியைத் தனியே விட்டு எவரும் உறங்கச் செல்வதில்லை. பனி கொட்டினாலும், விடிந்ததும் பெரட்டுக்குப் போகவேண்டும் என்றாலும், ஊர் அவளோடு விழித்திருக்கின்றது. மலையகத்துத் தாய்மார் காட்டிய அந்த வழியிலே, அயலான் அழும் இரவில் விழித்திருப்பவர் எவரோ அவரே மக்களின் ஆன்மிகத் தலைவர்.