கைக்குள் அடங்கும் குழல்

தில்லியில் மொழிபெயர்ப்புப் பணி பார்க்கும் நம்மைப் போன்றோருக்கு, நீண்ட சொற்களைவிடச் சிறிய சொற்களே மிகுந்த தொல்லை தருகின்றன. ஒருமுறை ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை இந்தியிலிருந்து தமிழாக்க வேண்டியிருந்தது. எதிரி தன் இடுப்பில் ‘தமஞ்சா’ செருகியிருந்தான் என்பது சாட்சியம். வடநாட்டுக் காவல்துறை வழக்கில் இச்சொல், பெரும்பாலும் உரிமமின்றிக் கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட கைத்துப்பாக்கியையே குறிக்கும். நாமோ ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று எழுதிவிட்டோம். கையெழுத்துப் படியைப் பார்த்த மூத்தவர், “அது இடுப்பா ஐயா, தென்னை மரமா?” என்று கேட்டார். தமிழ்நாட்டில் அப்பெயர், வேட்டைக்குப் போகிறவர் தோளில் சாத்திச் செல்லும் நீண்ட குழலுக்கு உரியதன்றோ! அப்படியே போயிருந்தால், உண்மை சொன்ன சாட்சி பொய்யராகியிருப்பார்.

துப்பாக்கி என்பதே நம் சொல்லன்று. திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் இருக்கிறதே எனச் சிலர் பெருமை கொள்வதுண்டு. அங்கே அது துப்பு, ஆக்கி என்று பிரிந்து, உணவை உண்டாக்குதலைச் சொல்வது. படைக்கலத்தின் பெயர் துருக்கியில் பிறந்து, பாரசீக வழியாக இந்தியாவுக்கு வந்தது. வெடிமருந்து அப்பகுதிகளை எட்டுமுன்பே, 11-ஆம் நூற்றாண்டில் மகமூத் காஷ்கரி தொகுத்த துருக்கி அகராதியில் அதன் மூலச்சொல் காணப்படுகிறது. பொருள், சிட்டுக்குருவியை வீழ்த்த வாயால் ஊதும் குழல்!

பிஸ்டலின் கதையும் இதுவே. இத்தாலியின் பிஸ்தோயா நகரோடு அதை இணைத்தவர்கள் உண்டு. நமக்கு அது வலுவாகப் படவில்லை. 1419 முதல் 1434 வரை பொஹீமியாவில் நடந்த ஹூஸைட் போர்களில், செக் மக்கள் ஒரு சிறு வெடிகுழலை ‘பீஷ்தலா’ என்றனர். அது ஊதுகுழலுக்கு அவர்கள் இட்ட பெயர். (அன்றைய கருவி இன்றைய பிஸ்டலைப் போல் ஒரு கையில் அடங்குவதன்று.) நாமும் ‘இரட்டைக்குழல் துப்பாக்கி’ என்கையில், புல்லாங்குழலின் சொல்லைத்தானே எடுத்தாள்கிறோம்?

ரிவால்வர் வேறு. 1836-இல் அமெரிக்காவில் கோல்ட் காப்புரிமை பெற்ற, சுழலும் அறைகளைக் கொண்ட கருவியின் வகை அது. பேச்சில் இரண்டையும் கைத்துப்பாக்கி என்பதில் குற்றமில்லை. உரிமத்தாளில் மட்டும் வகையைப் பிரித்தே எழுதவேண்டும்.

வாக்குமூலத்தை ‘கள்ளக் கைத்துப்பாக்கி’ என்று திருத்தி, ஓரத்தில் ‘தமஞ்சா’ என்ற மூலச்சொல்லையும் குறித்து அனுப்பினோம்.