தெரிந்த தொழிலின் மேல் ஒரு கருவி

வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாகச் சம்பாதிக்க எதைக் கற்றுக்கொள்ளலாம்? கல்லூரி முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். குழந்தை பிறந்தபின் வேலையை விட்ட பெண்கள் கேட்கிறார்கள். ஷிப்ட் வேலை பார்த்துச் சலித்தவர்களும் கேட்கிறார்கள். பட்டியல் போட்டுப் பதில் சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பைத்தான் படி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் படி, வீடியோ எடிட்டிங் படி என்பார்கள். எல்லாமே நல்ல படிப்புதான். ஆனால் கேட்பவர் யார், இதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரிக்காமல் சொல்லும் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே என்ன தொழில் தெரியும்? அதோடு எந்தக் கணினிக் கருவியைச் சேர்த்தால் இன்னொருவர் பணம் கொடுப்பார்? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1990களின் கடைசியில் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி நிலையங்கள் பெருகின. அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதை ஒலிப்பதிவில் பேசி வைப்பார். நம் பிள்ளைகள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலால் ஒலியை நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்து, அங்கே பொழுது விடிவதற்குள் அனுப்பிவிடுவார்கள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பலருக்கு அது சோறு போட்டது. பிறகு, பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் மென்பொருள்கள் வந்தன. விரல் வேகத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வேலை சுருங்கியது. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அறுவை சிகிச்சையின் போக்கும் தெரிந்தவர்களுக்கு வழி அடைபடவில்லை. மென்பொருள் எழுதியதைத் திருத்தும் வேலை இருந்தது; மெடிக்கல் கோடிங் இருந்தது. நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் அந்த வேலைக்கு இன்று சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் அலுவலகங்கள் இருக்கின்றன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அதே கதை வேறு இடத்தில் நடக்கிறது. மேலோட்டமான கட்டுரை, எளிய மொழிபெயர்ப்பு, சாதாரண லோகோ, சின்னச் சின்ன நிரல் போன்றவற்றை இயந்திரமே நொடியில் தந்துவிடுகிறது. ஆகவே கருவியை இயக்கத் தெரிவது போதாது. அந்தக் கருவியை வைத்துச் செய்யும் தொழிலின் உள்விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐந்தாறு ஆண்டு மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு, இப்போது குழந்தைக்காக வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஊரோடு சேர்ந்து அவரும் நிரல் எழுதும் கோடிங் வகுப்பில் பணம் கட்டலாமா என்று யோசிக்கிறார். அவருக்கு என்னவெல்லாம் தெரியும்? 180 ஜிஎஸ்எம் துணி கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். தோள்பட்டைத் தையலில் டேப் வைக்காவிட்டால் நாளடைவில் அது எப்படித் தொய்ந்துபோகும் என்று தெரியும். துவைத்தபின் நீளம் எவ்வளவு சுருங்கும், அதற்காக வெட்டும்போதே எவ்வளவு விட வேண்டும் என்று தெரியும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சிறிய அளவில் உடை வியாபாரம் தொடங்குகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் மனத்தில் ஒரு டிசைன் இருக்கும், அவ்வளவுதான். தொழிற்சாலையோ சாம்பிள் தைப்பதற்கு முன் டெக் பேக் எங்கே என்று கேட்கும்.

டெக் பேக் என்பது சில பக்கங்கள்தான். உடையின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், மார்புச் சுற்றை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளப்பது, ஸ்மாலிலிருந்து எக்ஸ்எல் போகும்போது ஒவ்வோர் அளவும் எவ்வளவு கூடும், என்ன துணி, என்ன நூல், லேபிள் எங்கே வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தயாரித்துத் தர ஆள் வேண்டும் என்று ஃப்ரீலான்ஸ் தளங்களில் விளம்பரம் வருகிறது. நம் மெர்ச்சண்டைசர் இத்தனை ஆண்டும் டெக் பேக்குகளைப் படித்தவர். அதில் அளவு உதைக்கிறது என்று கண்டுபிடித்து பையருக்கு மெயில் போட்டவர். அவர் புதிதாகக் கற்க வேண்டியது அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் கோட்டுப்படம் வரைவது மட்டுமே. உடையின் ஒரு பாதியை வரைந்து, அதைத் திருப்பி மறுபாதியாக ஒட்டுவது; தையல் வரும் இடத்தில் விட்டுவிட்டுச் செல்லும் கோடு போடுவது; அளவுப் புள்ளிகளுக்கு எண் இடுவது. இல்லஸ்ட்ரேட்டருக்கு மாதச் சந்தா கட்ட முடியாதென்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பழகலாம். தினம் மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் கை பழகிவிடும். கோடிங் வகுப்பில் அவர் லட்சம் பேரோடு முதல் வரிசைக்கு முண்டியடிக்க வேண்டும். இங்கே அவருக்குப் போட்டியாக வருகிறவர்களில் பலர் தையல் இயந்திரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கும் இப்படித்தான். டேலியில் ஊறியவர், அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸையோ, ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் பரவியிருக்கும் ஜீரோவையோ பழகிக்கொள்ளலாம். அந்த நாட்டு வரி முறையை மட்டும் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும். சிவில் டிப்ளமோ முடித்து ஆட்டோகேட் தெரிந்தவருக்கு அடுத்த படி ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள். பள்ளி ஆசிரியருக்கு மூடுல் போன்ற தளங்களில் பாடங்களை அமைத்துக் கொடுக்கும் வேலை.

ஒரு தொழிலும் தெரியாத மாணவன் என்ன செய்வது? அவனுக்கு நான் சொல்வது எக்செல். கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். பள்ளியில் படித்த எக்செல் வேறு, கூலிக்குச் செய்யும் எக்செல் வேறு.

சில கடைகள் வைத்திருக்கும் ஒரு வியாபாரி, எல்லாக் கடை விற்பனையையும் ஒரே கணக்காகச் சேர்த்துத் தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டில் 03/04 என்று தேதி இருக்கிறது. லண்டன் கடையில் எழுதியது என்றால் அது ஏப்ரல் 3. நியூயார்க் கடையில் எழுதியது என்றால் மார்ச் 4. இன்னொரு ஷீட்டில் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொருளே இல்லை என்று, தேடித் தரும் சூத்திரமான விலுக்அப் கைவிரிக்கிறது. ஒரே வாடிக்கையாளர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக நிற்கிறார். இதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது சலிப்பூட்டும் வேலை. சலிப்பூட்டுவதால்தான் பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவெரி இதற்கென்றே வந்தது. ஒருமுறை படிப்படியாகச் சுத்தம் செய்துவிட்டால், அடுத்த மாத ஃபைலைப் போட்டதும் அதே படிகளைத் தானே ஓட்டிவிடும். சூத்திரத்தை இன்று செயற்கை நுண்ணறிவும் எழுதிக் கொடுக்கும். ஆனால் அந்தத் தேதி எந்த ஊர்க் கடையுடையது என்று வியாபாரியிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வேலை செய்பவருக்கு வர வேண்டும். அந்த எண்ணத்தை வளர்த்துக்கொள்ள, உங்கள் தெரு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ கேட்டு அவர்களுடைய ஸ்டாக் கணக்கை ஒரு மாதம் ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். கடைக்காரர் எதைப் பார்த்து ஆர்டர் போடுகிறார், எந்தச் சரக்கு ஏன் தேங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் புரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் அப்வொர்க், ஃப்ரீலான்சர் போன்ற தளங்களில் வந்திருக்கும் வேலை விளம்பரங்களைப் படித்து, நோட்டில் எழுதுங்கள். என்ன வேலை கேட்கிறார்கள், எந்தக் கருவியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, என்ன விலை சொல்கிறார்கள்? நீங்கள் கற்க நினைக்கும் திறனைக் கேட்டு அங்கே ஆளே வரவில்லை என்றால் கைப்பணமும் ஆறு மாத உழைப்பும் மிச்சம்.

கற்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் பலவும் தமிழிலேயே கிடைக்கின்றன. கணியம் அறக்கட்டளை கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. சான்றிதழ் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெளிநாட்டுக்காரர் முதலில் பார்ப்பது நீங்கள் செய்து வைத்திருக்கும் மாதிரி வேலையைத்தான். நான்கு நல்ல மாதிரிகளைத் தயார் செய்யாமல் யாருக்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரும்பாலும் எழுத்தில்தான் பேச்சு நடக்கும். கேட்டது என்ன, செய்தது என்ன, எப்போது முடியும் என்று நான்கு வரி தெளிவாக எழுத வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

விலை சொல்லும்போது கழிவையும் கணக்கில் வையுங்கள். ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 100 டாலர் வேலைக்கு உங்கள் கணக்கில் 80தான் வரும். அதை ரூபாயாக மாற்றும்போதும் கொஞ்சம் போகும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். வருமான வரிக் கணக்கு கொடுக்கும்போது ஆடிட்டர் கேட்பார்.

இந்தத் துறையில் ஏமாற்றுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டேட்டா என்ட்ரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, இரவு பகலாகத் தட்டச்சு செய்ய வைத்து, கடைசியில் பிழை இருக்கிறது, அபராதம் கட்டாவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்போம் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டும் கும்பல்கள் இருக்கின்றன. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று முதலில் சிறு தொகையை உண்மையாகவே அனுப்பி, பிறகு ஆயிரம் ஆயிரமாகக் கட்ட வைப்பார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டப்பட்டு மியான்மருக்குக் கடத்தப்பட்டு, அடைத்துவைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையில் தள்ளப்பட்ட இந்திய இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இது பற்றி எச்சரித்தது. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மகளோ மருமகளோ லேப்டாப் முன் உட்கார்ந்தால், வீட்டில்தானே இருக்கிறாள் என்று நடுநடுவே கூப்பிடாதீர்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரம் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை, நம் வீடுகளில் அடுப்பு எரியும் நேரம். அந்த நேரத்தில் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.