நோயாளி சொன்னது நம்மிடம் அமானிதம்

(தொண்டூழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் நாம் மருத்துவமனைக்குப் போகிறோம். போனால் மட்டும் போதாது. முறையோடு போக வேண்டும்.

முதலில் அனுமதி. தாதியிடமும் கேட்போம், நோயாளியிடமும் கேட்போம். "இன்று வேண்டாம்" என்றால் ஸலாம் சொல்லித் திரும்புவோம்.

அடுத்து நேரம். தொழுகையை நீட்டிய முஆத் (ரலி) அவர்களையே, பின்னால் முதியவரும் பலவீனரும் நிற்கிறார்கள் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். கட்டிலில் கிடப்பவருக்குப் பத்து நிமிடம் போதும். துஆவை மெல்லக் கேட்போம். பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் தூங்குகிறார்.

மார்க்கச் சட்டம் கேட்டால்? நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது நமக்குத் தெரியும். அதற்கு மேல் உஸ்தாதிடம் கேட்டுச் சொல்வோம். சிங்கப்பூரில் மார்க்கம் போதிப்பவர்கள் அங்கீகாரம் பெற்றிருப்பது 2017 முதல் கட்டாயம். மருந்து விஷயம் மருத்துவருடையது.

நம்மில் வியாபாரிகள் அதிகம். கட்டிலருகே விற்பனைப் பேச்சு வேண்டாம். நன்கொடை வசூலும் வேண்டாம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

எல்லாவற்றிலும் கனமானது இரகசியம். ஒருவருடைய பற்றுக் கணக்கை நாம் அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டுவதில்லை. இதுவும் அப்படித்தான். "எனக்குக் கடன் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று ஒரு பெரியவர் சொல்கிறார் என்று வையுங்கள். வெளியே வந்ததும் மகன், "அத்தா என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார். "அத்தாகிட்டயே உட்கார்ந்து பேசுங்க தம்பி" என்பதுதான் நம் பதில்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்குமுன் கடன் அடைபட வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். அந்தப் பெரியவர் சொல்லாமலே மவுத்தாகிவிட்டால் கடன் யாருக்கும் தெரியாமல் போகும். ஆகவே அவரிடமே, "நீங்களே பிள்ளைகளிடம் சொல்லுங்க, இல்லையென்றால் எழுதி வையுங்க. வேண்டுமானால் நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்" என்று சொல்வோம். சொல்வதும் சொல்லாததும் அவர் முடிவு.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும். "இதை மட்டும் மறைக்க மாட்டோம்" என்று அவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளாக நம் குடும்பங்கள் சங்கத்தை நம்பி வந்திருக்கின்றன. அந்த நம்பிக்கையைக் கட்டிலருகிலும் காப்போம். நோயுற்றோருக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், நமக்கு நாவடக்கத்தையும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.