மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 100க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் கண்டவர்கள் என 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. அத்தகைய ஒருவர் கீழே விழுந்தோ, காய்ச்சல் கண்டோ மருத்துவமனையில் சேர்ந்தால், அவரை மீண்டும் வீட்டு வாழ்வுக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேச விழைகிறேன்.

வீட்டில் பிள்ளைகளை அடையாளம் கண்டு, தம் கையால் உண்டு வந்தவர், மருத்துவமனையில் மூன்றாம் நாள் இரவு கூச்சலிடுகிறார். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குகிறார். பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். "இனி இவரை வீட்டில் வைத்துப் பார்க்க இயலாது" என்று குடும்பத்தார் முடிவு செய்துவிடுகின்றனர். அவசரத்தில் எடுக்கும் முடிவு அது. கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வலி, உறக்கமின்மை, புதிய மருந்து ஆகியவற்றால் திடீரென வரும் மனக்குழப்பம் வேறு. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் மறதி நோய் வேறு. முன்னதன் காரணத்தைக் கண்டு நீக்கினால் அது பெரும்பாலும் தணியும். ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம். சிலர் பழைய நிலையை முழுதும் எட்டுவதில்லை என்பதும் உண்மையே. அதற்காக, மருத்துவமனைக் கட்டிலில் கண்ட கோலத்தைக் கொண்டு ஒருவருடைய எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானிப்பது நியாயமாகாது.

மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, "வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று வருந்துவோர் உண்டு. அவற்றை அவரிடம் கொடுங்கள். இரவிலும் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்கட்டும். மருத்துவர் அனுமதித்தால் நாள்தோறும் நடக்க வையுங்கள். படுத்தே கிடந்தால் கால்கள் விரைவில் வலுவிழக்கும். வீடு திரும்பும் நாளில், எந்த மருந்து புதியது, எது நிறுத்தப்பட்டது, அமைதிப்படுத்தத் தந்த மாத்திரை எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மனநோய்க்குத் தரும் மருந்துகள் சில, மறதி நோய் கண்ட முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. தாமாக நிறுத்தவும் வேண்டாம். கேளாமல் தொடரவும் வேண்டாம்.

வீட்டில் அவருடைய பழைய அறையும் பழைய கட்டிலுமே இருக்கட்டும். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கும், ஒளுச் செய்யும் இடத்தில் கைப்பிடியும் அவசியம். பாங்கோசை கேட்டதும் அவர் தொப்பியைத் தேடக்கூடும். நெடுநாள் பழக்கம் மறதியையும் தாண்டி நிற்கும். நடக்க முடிந்தால் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். ரக்அத் பிழைத்தால் யாரும் கடிய வேண்டாம். அறிவு நீங்கியவர் மீது கடமையில்லை என்பது மார்க்கச் சட்டம். கடமையே இல்லாதவரிடம் கணக்குக் கேட்க நாம் யார்?

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. ஆனால் வீடு வந்த அன்றே இருபது பேர் சூழ்ந்துகொண்டு, "என்னைத் தெரிகிறதா? பெயர் சொல்லுங்கள்" என்று பரீட்சை வைப்பது நலம் விசாரிப்பாகாது. இருவராகச் செல்லுங்கள், உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்.

உண்மையில் விசாரிக்கப்பட வேண்டியவர் இன்னொருவரும் அவ்வீட்டில் இருக்கிறார். இரவெல்லாம் விழித்திருக்கும் மகளோ மருமகளோ, அவர் சாய்ந்துவிட்டால் முதியவர் மீண்டும் மருத்துவமனைக்கே செல்வார். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம். நாம் செய்யக்கூடியது, வாரத்தில் ஒரு நாள் அஸர் முதல் இஷா வரை அம்முதியவருடன் அமர்ந்து அப்பெண்ணுக்கு ஓய்வு கொடுப்பது. இதற்கு முன்வருவோர், ஆண்களாயினும் பெண்களாயினும், இன்று கூட்டம் முடிந்ததும் ஜமாஅத் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.