ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகள்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் ஜிம்முக்குப் போவது நல்ல விஷயம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு டாக்டர் என்ற முறையில், அதையொட்டிச் சிலருக்கு வரும் மனக்கஷ்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உடம்பு நன்றாக முறுக்கேறிய பிறகும், கண்ணாடியில் பார்த்தால் தான் நோஞ்சானாகவே இருப்பதாகச் சிலருக்குத் தோன்றும். அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவரது குழுவினரும் 1997-ல் இதற்கு 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று பெயரிட்டார்கள். 2013-ல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டிலும் இது இடம்பெற்றது. ஆகவே இது வெறும் அலங்காரப் பித்து அல்ல. சிகிச்சை உள்ள கோளாறு.

எப்படிக் கண்டுகொள்வது? உடம்பைப் பார்க்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள். கல்யாணத்தில் பந்தியில் உட்கார பயம். ஒரு லட்டு சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி. ஜுரத்திலும் பயிற்சியை விட முடியாத தவிப்பு. இவை தொடர்ந்தால் கவனம் தேவை.

புரதத்துக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது, கிலோ எடைக்கு 0.83 கிராம், 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். கடும் பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். பருப்பு, சுண்டல், பால், தயிர், பனீரிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். புரதப் பவுடரைத் தவிர்க்குமாறு அந்நிறுவனமே 2024-ல் அறிவுறுத்தியிருக்கிறது.

நம் பங்கும் இதில் உண்டு. விசேஷங்களில் பார்த்தவுடன், "என்னடா, ஒட்டடைக்குச்சி மாதிரி ஆயிட்டே?", "என்னடி, இப்படிப் பெருத்துட்டே?" என்கிறோம். நாம் அதை மறந்துவிடுவோம், குழந்தை மறக்காது. "சௌக்கியமா?" என்று கேட்டால் போதுமே!

சந்தேகம் இருந்தால் அதட்டாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.